செப்பு–நாக–அலுமினாக் குளிகை: காபனீரொட்சைட்டை மெதனோலாக்க வன்னியில் எந்த ஊக்கியை வாங்கலாம்?

மெதனோல் தொகுப்பு ஊக்கி வேண்டும் என்று கேட்டால், ஆய்வகப் பொருள் விற்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கறுப்புக் குளிகைகளைத்தான் காட்டுவார்கள். ஆல்ஃபா ஏசர் என்ற விற்பனைப் பெயரில் 45776 என்ற இலக்கத்தோடு எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளில் ஒப்பீட்டு ஊக்கியாக வரும் சரக்கு. நிறைப்படி 63.5 வீதம் செப்பு ஒட்சைட்டு, 24.7 வீதம் நாக ஒட்சைட்டு, 10.1 வீதம் அலுமினா, 1.3 வீதம் மக்னீசியா. கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ ஒரு சிறு தாக்கவுலையை நிறுவி மெதனோல் எடுத்துப் பார்க்க விரும்புபவருக்கு இது பொருந்துமா?

முடிவை முதலே சொல்லிவிடலாம். சிலிண்டர் வாயுவில் வேலை தொடங்குபவர் தயங்காமல் வாங்கலாம். மாட்டுச்சாண உயிர்வாயுவை அப்படியே ஊட்டும் எண்ணமிருந்தால் வாங்க வேண்டாம். குளிகைக்குக் கொடுக்கும் காசு சிறிது. அதைக் கெடாமல் வைத்திருக்கும் வேலைதான் பெரிது. அந்த வேலையில் பாதியை வன்னியின் வெயிலும் மழையும் மின்வெட்டுமே தீர்மானிக்கின்றன.

இது புதுச் சரக்கல்ல. 1923 இல் ஜேர்மனியின் லொய்னாவில் பி.ஏ.எஸ்.எஃப். தொடங்கிய மெதனோல் ஆலை நாக–குரோமிய ஒட்சைட்டு ஊக்கியில் ஓடியது. அதற்கு 250 முதல் 350 பார் அமுக்கமும் 300 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் வேண்டியிருந்தது. கந்தகத்தை நன்றாகக் கழுவிய வாயு கிடைக்கத் தொடங்கிய பிறகே செம்பைப் பயன்படுத்தும் வழி திறந்தது. 1966 இல் ஐ.சி.ஐ. நிறுவனம் செப்பு–நாக ஊக்கியைக் கொண்டு அமுக்கத்தை 50 முதல் 100 பார் வரைக்கும், வெப்பநிலையை 220 முதல் 280 பாகை வரைக்கும் இறக்கியது. இன்றைய குளிகைகள் அந்த வம்சத்தில் வந்தவை. கந்தகம் இல்லாத வாயு கிடைத்ததால்தான் இந்த ஊக்கி பிறந்தது என்பதை நினைவில் வைத்தால், பின்னால் சொல்லப்போகும் தொல்லைகள் பலவற்றின் வேர் புரியும்.

குளிகையில் வேலை செய்வது உலோகச் செம்பின் மேற்பரப்பு. நாக ஒட்சைட்டு செப்புத் துணிக்கைகளைப் பிரித்து வைப்பதோடு அவற்றின் செயலையும் கூட்டுகிறது. கொஞ்சம் கந்தகம் வந்தால் முதலில் தான் வாங்கிக்கொள்ளும். அலுமினா சட்டகம். போத்தலில் வரும்போது செம்பு ஒட்சைட்டாகவே இருக்கும், எனவே அப்படியே உலையில் போட்டு வாயுவைத் திறந்தால் மெதனோல் வராது. முதலில் அதைத் தாழ்த்த வேண்டும், அதாவது ஐதரசனால் ஒட்சிசனை நீக்கி உலோகச் செம்பாக்க வேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஒரு மூல் காபனீரொட்சைட்டும் மூன்று மூல் ஐதரசனும் சேர்ந்து ஒரு மூல் மெதனோலும் ஒரு மூல் நீரும் தரும். மூலுக்கு ஏறக்குறைய 49 கிலோயூல் வெப்பம் வெளிவரும். கூடவே ஒரு பக்கத் தாக்கம் ஓடும்: காபனீரொட்சைட்டு ஒரு ஐதரசனோடு சேர்ந்து காபனோரொட்சைட்டும் நீருமாகப் போய்விடும். அது 41 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சுவது. ஆகவே வெப்பநிலையைக் கூட்டினால் வேகம் கூடும், ஆனால் சமநிலை மெதனோலுக்கு எதிராகத் திரும்பும். 50 பார், 250 பாகை, மூன்றுக்கு ஒன்று என்ற கலவையில் சமநிலையே ஏறக்குறைய காற்பங்கு காபனீரொட்சைட்டை மட்டும்தான் மாறவிடும். எந்த ஊக்கியாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. ஒருமுறை கடந்துபோவதில் 60 வீதம் மாற்றம் கிடைக்கிறது என்று யாராவது இந்த நிலைமையில் சொன்னால், அவர்களுடைய அளவீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நடைமுறையில் கிராமுக்கு மணித்தியாலத்துக்கு 10 லீற்றர் வாயு ஊட்டி, 20 வீதம் மாறி, அதில் பாதி மெதனோலானால், ஒரு கிராம் ஊக்கி மணித்தியாலத்துக்கு 0.35 கிராம் மெதனோல் தரும். நாளொன்றுக்கு 8 கிராம். இந்தக் குளிகைக்கு இது நியாயமான எதிர்பார்ப்பு.

வாங்கும்போது பெரிய போத்தல் வேண்டாம். குளிகைகள் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி முதல் தை வரை வன்னியில் அடிக்கும் ஈரக் காற்றில் மூடி தளர்ந்து கிடந்த போத்தல், தாழ்த்தும்போது குளிகை வெடித்துத் தூளாகும் தொல்லையைக் கொண்டுவரும். உள்ளே தங்கிய நீர் வேகமாக ஆவியாகி வெளியே பாய்வதே காரணம். சிறு போத்தல்களில் பிரித்து, சிலிக்கா ஜெல்லுடன் உலர்கலனில் வைத்து, பாவிக்கும் அளவை மட்டும் முதல் நாள் இரவு 110 பாகையில் உலர்த்தி எடுப்பதே சரி. ஒரே தொகுதி இலக்கத்தில் இரண்டு போத்தல் வாங்கிவிட்டால், ஆறு மாதம் கழித்து வரும் பெறுபேற்றை முந்தியதோடு ஒப்பிடுவதில் சந்தேகம் வராது.

ஐந்து மில்லிமீற்றர் அளவுள்ள குளிகையைச் சிறு குழாயில் முழுதாகப் போடக்கூடாது. வாயு சுவரோடு வழுக்கிப் போய்விடும், குளிகையின் நடுப்பகுதியும் வேலை செய்யாது. கல்லுரலில் மெதுவாக உடைத்து, அரிதட்டில் 0.25 முதல் 0.5 மில்லிமீற்றர் வரையான பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். தூளை ஒதுக்குங்கள், அது கீழே இறங்கி வடிகட்டியை அடைக்கும். 8 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள 316 வகைக் கறையில் உருக்குக் குழாய்க்கு 1 கிராம் ஊக்கி போதும். அதை 4 கிராம் சிலிக்கன் காபைட்டுடன் கலந்தால் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் நீளமான ஊக்கிப் படை (அடுக்கு) கிடைக்கும். சிலிக்கன் காபைட்டு வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் நடுவில் சூட்டுப் புள்ளி எழாது. மேலும் கீழும் குவாட்சுப் பஞ்சு. வெப்பநிலையை அளக்கும் கம்பியான வெப்பவிணையின் நுனி படையின் நடுவில் நிற்க வேண்டும். வெளிச்சுவரில் ஒட்டிய வெப்பவிணை காட்டும் இலக்கத்தை நம்பித்தான் பல படைகள் கருகிப் போகின்றன.

அதிகம் சேதம் நடப்பது தாழ்த்தலில். செப்பு ஒட்சைட்டு ஐதரசனோடு சேர்ந்து செம்பும் நீருமாகும்போது மூலுக்கு 85 கிலோயூலுக்கு மேல் வெப்பம் வெளிவரும். 1 கிராம் குளிகையில் 0.008 மூல் செப்பு ஒட்சைட்டு உண்டு. வெளிவருவது ஏறக்குறைய 680 யூல். தப்ப வழியில்லாமல் அது முழுக்க அந்த ஒரு கிராமிலேயே தங்கினால் வெப்பநிலை ஆயிரம் பாகைக்கு மேல் ஏறிவிடும். செம்புக்கு 270 பாகை தாண்டினாலே துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருக்கத் தொடங்கும். பருத்த செம்பு திரும்பச் சிறுக்காது. அதனால்தான் ஐதரசனைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறோம்.

முறை இது. வளிமண்டல அமுக்கத்தில் நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றர் நைதரசன் விட்டு 120 பாகையில் ஒரு மணித்தியாலம் உலர்த்துங்கள். பிறகு அதே வேகத்தில் 5 வீத ஐதரசன் கலந்த நைதரசனுக்கு மாறி, நிமிடத்துக்கு 1 பாகை என்ற கணக்கில் 180 வரை ஏற்றி அங்கே நிறுத்துங்கள். 150 தாண்டியதும் நடு வெப்பவிணை உலையின் இலக்கத்தை முந்தத் தொடங்கும். தாக்கம் பிடித்துவிட்டது என்று பொருள். இடைவெளி 10 பாகையைத் தாண்டினால் ஐதரசனை மூடி நைதரசனை மட்டும் விட வேண்டும். உலையை அணைப்பது இரண்டாவது வேலை. வெப்பத்தைத் தருவது உலையல்ல, ஐதரசன். இடைவெளி அடங்கிய பிறகு அதே மெதுவான வேகத்தில் 230 வரை போய் இரண்டு மணித்தியாலம் வைத்தால் முடியும். 250 ஐத் தொடவே கூடாது.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக் கணக்காலேயே சொல்லலாம். 1 கிராமுக்கு வேண்டிய ஐதரசன் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 195 மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 2.5 மில்லிலீற்றர் போனால் மிகக்குறைந்தது 78 நிமிடம். அதற்கு முந்தியே முடிந்துவிட்டதாகத் தோன்றினால் முடியவில்லை. வெளியேறும் வாயுவை நிறைபார்த்த சிலிக்கா ஜெல் குழாய் வழியாக விடுங்கள். உலர்த்தல் முடிந்த பிறகு வைத்த குழாயில் 0.14 கிராம் நீர் சேர்ந்தால் செம்பு முழுக்கத் தாழ்ந்துவிட்டது.

இதற்குத் தூய ஐதரசனையும் நைதரசனையும் பாய்ச்சல் கட்டுப்படுத்தியால் கலக்க முயல வேண்டாம். 200 மில்லிலீற்றர் அளவுள்ள கட்டுப்படுத்தியிடம் 2.5 கேட்டால் அது தன் வீச்சின் அடியில் கிடந்து தடுமாறும். 5 வீதம் கலந்து நிரப்பிய சிலிண்டரே பாதுகாப்பு, மலிவும்கூட. ஒரு படை கருகினால் போகும் நாட்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம்.

வாயு ஊட்டுவதில் வன்னிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. காபனீரொட்சைட்டுச் சிலிண்டருக்குள் 20 பாகையில் 57 பார், 30 பாகையில் 72 பார் அமுக்கம் இருக்கும். 31 பாகையில் அது தன் அவதி நிலையை அடைந்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. சிலிண்டர் வெளியே தகரக் கொட்டிலில் 33 பாகையில் நிற்க, குழாய் குளிரூட்டிய அறைக்குள் 20 பாகைக்கு வந்தால், குழாய்க்குள்ளேயே வாயு திரவமாகும். கட்டுப்படுத்தியின் இலக்கம் துள்ளும், ஒரு நிமிடம் ஒன்றும் வராது, மறு நிமிடம் வெள்ளமாக வரும். கருவி பழுது என்று கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. சிலிண்டரையும் குழாயையும் ஒரே வெப்பநிலையில் வைத்து, றெகுலேற்றருக்குப் பின் 45 பாருக்குக் கீழே இறக்கி, உலையை 40 பாரில் ஓட்டலாம். அதைவிட நல்லது 75க்கு 25 என்று கலந்து நிரப்பிய ஒரே சிலிண்டர். 50 லீற்றர்ச் சிலிண்டரில் 120 பாரில் ஏறக்குறைய 6000 லீற்றர் வாயு இருக்கும், ஆனால் உலை 50 பாரில் ஓடினால் அதில் 3500 லீற்றர்தான் உதவும். மணித்தியாலத்துக்கு 10 லீற்றர் என்றால் 14 நாள் ஓடும். 10 கிராம் ஊக்கி போட ஆசைப்படுபவர் அதே சிலிண்டரை ஒன்றரை நாளில் முடித்துவிட்டு, அடுத்த சிலிண்டருக்காக ஏ9 வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். 1 கிராமோடு நிற்பது அதனாலும்தான்.

அடுத்தது ஒடுக்கி. மெதனோலை அமுக்கத்தோடேயே ஒடுக்க வேண்டும், உலையின் அமுக்கத்தைப் பிடித்து நிறுத்தும் பின்னமுக்க வால்வுக்கு முன்னால். வால்வைத் தாண்டி 1 பாருக்கு இறங்கிய பிறகு ஒடுக்க நினைத்தால், கிணற்று நீரின் 30 பாகையில் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. வெளியேறும் வாயுவில் மெதனோல் 3 வீதமளவே. 1 பாரில் அதன் பகுதியமுக்கம் 0.03 பார். 30 பாகையில் மெதனோலின் ஆவியமுக்கமோ 0.22 பார். அது ஆவியாகவே போய்விடும். அதே வாயு 50 பாரில் இருந்தால் 30 பாகை நீரே பெரும்பகுதியை வடித்துவிடும், பனிக்கட்டி நீர் ஓடினால் அநேகமாக முழுவதும் வரும். உலைக்கும் ஒடுக்கிக்கும் இடைப்பட்ட குழாயை 150 பாகையில் சூடாக்கி வைக்க வேண்டும். வடிநீரில் காபனீரொட்சைட்டு அமுக்கத்தில் கரைந்திருக்கும். ஊசி வால்வை மெதுவாகத் திறந்து, குளிர்ந்த குடுவையில் நுரை அடங்கிய பிறகே நிறைபாருங்கள்.

வாயுக் கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவி இல்லாத இடத்தில்கூட ஊக்கியின் நடத்தையை ஓரளவு சரியாகப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மெதனோல் ஒரு மூல் உண்டானால் நீர் ஒரு மூல் வரும். காபனோரொட்சைட்டு ஒரு மூல் உண்டானாலும் நீர் ஒரு மூல் வரும். ஆகவே வடிநீரில் நீர் மூல்களிலிருந்து மெதனோல் மூல்களைக் கழித்தால் காபனோரொட்சைட்டு எவ்வளவு உண்டானது என்பது தெரியும். வடிநீர் நிறைப்படி 64 வீதம் மெதனோலாக இருந்தால் பக்கத் தாக்கமே இல்லை; 47 வீதமாக இருந்தால் மாறியதில் பாதிதான் மெதனோலானது. வீதத்தை அறிய 10 மில்லிலீற்றர் அடர்த்திப் போத்தல் போதும். 20 பாகையில் 40 வீதக் கலவையின் அடர்த்தி 0.935, 50 வீதம் 0.916, 60 வீதம் 0.895, 70 வீதம் 0.872. அறை 31 பாகையில் இருக்கும்போது அளந்துவிட்டு இந்த எண்களோடு ஒப்பிட்டால் மெதனோல் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். போத்தலை 20 பாகை நீரில் வைத்து நிலைக்கவிட்டு நிறைபாருங்கள். ஒடுக்கி முழுக்கப் பிடிக்கிறது என்பது உறுதியானால் மட்டுமே இந்தக் கழித்தல் செல்லும்.

முதல் நூறு மணித்தியாலத்தில் செயல் வேகமாகக் குறையும், பிறகு சரிவு மெதுவாகும். எனவே முதல் நாள் இலக்கத்தை வைத்து ஊக்கியைப் புகழவோ இகழவோ வேண்டாம். காபனீரொட்சைட்டு ஊட்டத்தில் நீர் அதிகம் உண்டாவதால், காபனோரொட்சைட்டு நிறைந்த வழமையான ஆலை வாயுவில் இருப்பதைவிட இந்தக் குளிகை விரைவாகச் சோர்வடையும். நீராவி செப்புத் துணிக்கைகளைப் பருக்கவைக்கிறது, நாக ஒட்சைட்டைப் படிகமாக்குகிறது. இது இந்தச் சரக்கின் உண்மையான குறை.

மின்வெட்டு வேறு விதமாகக் கெடுக்கும். 50 பாரில் ஓடும் உலையின் வாயுவில் 4, 5 வீதம் நீராவி இருந்தால் அதன் பகுதியமுக்கம் 2 பாருக்கு மேல். அது 120 பாகையளவில் திரவமாகும். மின் போய் உலை தானாக ஆறும்போது வாயு உள்ளேயே அடைபட்டிருந்தால், ஊக்கிப் படை முழுவதும் நீரில் நனையும். குளிகை உதிர்வதும், அடுத்த தொடக்கத்தில் செயல் வீழ்ந்துவிடுவதும் இதனால்தான். மின் போனதும் ஊட்டத்தை மூடி, அமுக்கத்தை மெதுவாக இறக்கி, 150 பாகைக்குக் கீழே போகுமுன் நைதரசனால் உள்ளே இருப்பதைத் தள்ளிவிட வேண்டும். மின் இல்லாதபோது ஊட்டத்தை மூடும் வால்வும், மின் இல்லாதபோது நைதரசனைத் திறக்கும் வால்வும் வாங்கிப் பொருத்துங்கள். இன்வேட்டரில் உலையை ஓட்ட முயல்வதைவிட இந்த இரண்டு வால்வுகளும் அதிகம் காப்பாற்றும்.

இனிக் கந்தகம். வன்னியில் மலிவான காபனீரொட்சைட்டு எங்கே என்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது சாணத் தொட்டி. உயிர்வாயுவில் ஏறக்குறைய 40 வீதம் காபனீரொட்சைட்டு. கூடவே ஐதரசன் சல்பைட்டு ஆயிரம் பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கு) இருப்பது சாதாரணம். 1 கிராம் குளிகையின் செப்பு மேற்பரப்பை 20 சதுர மீற்றர் என்று எடுத்தால், அதில் இருக்கும் செப்பு அணுக்கள் அரை மில்லிமூல். காபனீரொட்சைட்டை மட்டும் பிரித்தெடுத்து, கந்தகமும் அதோடேயே வந்து, ஐதரசனோடு கலந்து ஊட்டினால் கலவையில் 600 பிபிஎம் அளவு நிற்கும். மணித்தியாலத்துக்கு 10 லீற்றர் வேகத்தில், இரண்டு மணித்தியாலத்துக்குள் மேற்பரப்பின் ஒவ்வொரு செப்பு அணுவுக்கும் ஒரு கந்தகம் வந்து சேர்ந்துவிடும். நாக ஒட்சைட்டு கொஞ்சம் தாங்கும். அதனால் சில மணித்தியாலம் கூடக் கிடைக்கலாம், அவ்வளவே. கந்தகம் பிடித்த செம்பை இந்த வெப்பநிலையில் மீட்க முடியாது.

நீரால் கழுவிப் பிரிக்கும் முறையை நம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐதரசன் சல்பைட்டு காபனீரொட்சைட்டைவிட நீரில் கூடுதலாகக் கரையும். மெதேன் சுத்தமாகும், நமக்கு வேண்டிய காபனீரொட்சைட்டோ கந்தகத்தோடு சேர்ந்தே திரும்பி வரும். துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய தூண் ஒன்று பெரும்பகுதியைப் பிடிக்கும், ஆனால் அது முதற்படிதான். அதற்குப் பின் கரி, அதற்குப் பின் 200 பாகைக்கு மேல் சூடாக்கிய நாக ஒட்சைட்டுப் படை என்று போய், 0.1 பிபிஎம்முக்குக் கீழே இறக்கிய பிறகே இந்தக் குளிகைக்குக் காட்டலாம். கள்ளு நொதிக்கும்போது வரும் வாயு இந்த விதத்தில் எவ்வளவோ மேல்: அது பெரும்பாலும் காபனீரொட்சைட்டே, கந்தகம் சிறிதளவு, எதனோல் ஆவியை நீரில் கழுவிவிடலாம். உமி எரிக்கும் அரிசி ஆலையின் புகைபோக்கி வாயுவில் நைதரசனே பெரும்பங்கு. பிரித்தெடுக்கும் செலவு ஊக்கியின் கதையை மறக்கடித்துவிடும்.

குளோரினும் கந்தகத்துக்குக் குறைந்த எதிரியல்ல. செப்புக் குளோரைட்டு இந்த வெப்பநிலையில் நகரும். நகர்ந்து துணிக்கைகளைப் பருக்கவைக்கும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலத்தில் ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் செய்தது. அந்த மின்பகுப்பில் ஒவ்வொரு தொன் குளோரினோடும் 28 கிலோ ஐதரசன் பிறக்கும். கணக்குப்படி அது 149 கிலோ மெதனோலுக்குப் போதும். அப்படியொரு ஐதரசன் மீண்டும் இந்த மண்ணில் கிடைக்குமானால் மிகவும் மகிழ்ச்சி. ஆனால் அதிலிருக்கும் குளோரின் தடயத்தைக் காரக் கரைசலால் கழுவி, எஞ்சியதைப் பிடிக்கும் காவல் அடுக்கு ஒன்றினூடாக விடாமல் இந்த ஊக்கியருகே கொண்டுவரக் கூடாது.

சூரிய மின்னிலோ காற்று மின்னிலோ நீரைப் பகுத்து ஐதரசன் எடுக்கும் திட்டம் இருந்தால் நீரின் தரத்தைப் பாருங்கள். வன்னியின் கிணற்று நீர் பல இடங்களில் கடினம். ஊருக்குக் குடிநீர் தரும் ஆர்.ஓ. இயந்திரத்தின் நீர் குடிக்க நல்லது, மின்பகுப்புக்கு அதில் உப்பு இன்னும் அதிகம். அயன் பரிமாற்றப் பிசின் வழியாக ஒருமுறை விட்டு, கடத்துதிறனை அளந்து ஊற்ற வேண்டும். காரக் கரைசல் மின்பகுப்பி என்றால் பொட்டாசியம் நுண்துளிகளாக வாயுவோடு வரும், அதற்கு வடிகட்டி தேவை. ஐதரசனில் தங்கும் ஒட்சிசனைப் பலேடியம் ஊக்கியால் நீராக்கி உலர்த்துங்கள். ஒரு கிலோ மெதனோலுக்கு 1.375 கிலோ காபனீரொட்சைட்டும் 0.19 கிலோ ஐதரசனும் வேண்டும். அந்த ஐதரசனுக்கு மட்டும் ஏறக்குறைய 10 கிலோவாற்று மணித்தியால மின் போகும். கிடைக்கும் மெதனோலில் இருப்பது ஐந்தரை. இந்தக் கணக்கைத் திட்ட அறிக்கையின் முதற்பக்கத்திலேயே போடுவது நேர்மை.

வேறு ஊக்கிகள்? இரண்டைச் சொல்லலாம். சேர்க்கோனியாவில் (சேர்க்கோனியம் ஒட்சைட்டில்) ஏற்றிய இந்தியம் ஒட்சைட்டு 2016 இல் வெளிவந்த ஆய்வில் 300 பாகை, 50 பாரில் 1000 மணித்தியாலம் தளராமல் நின்றது. பக்கத் தாக்கமும் மிகக் குறைவு. ஆனால் இந்தியம் விலை கூடியது. ஐதரசன் மிஞ்சிப் போனால் உலோகமாகத் தாழ்ந்துவிடும். அந்த உலோகம் 157 பாகையிலேயே உருகும். எங்களுக்கு அதில் ஈர்ப்பில்லை.

நாக–சேர்க்கோனியத் திண்மக் கரைசல் அப்படியல்ல. 2017 இல் சீனாவின் தாலியன் ஆய்வாளர்கள் வெளியிட்டது. 50 பார், 315 பாகையளவில் மாறியதில் 86 வீதத்துக்கு மேல் மெதனோல், ஒருமுறை கடப்பதில் 10 வீதத்துக்கு மேல் மாற்றம், 500 மணித்தியாலம் நிலைப்பு. 50 பிபிஎம் ஐதரசன் சல்பைட்டு வந்தபோதும் செயல் விழவில்லை. உயிர்வாயுவை வைத்துக் கனவு காண்பவர் தேட வேண்டியது இதைத்தான். கடையில் தேட வேண்டியதில்லை, செய்துகொள்ளலாம். 5.8 கிராம் சேர்க்கோனியம் நைத்திரேற்று ஐந்துநீரேற்று, 0.6 கிராம் நாக நைத்திரேற்று ஆறுநீரேற்று இரண்டையும் 100 மில்லிலீற்றர் தூய நீரில் கரைத்து 70 பாகையில் வேகமாகக் கலக்குங்கள். 100 மில்லிலீற்றரில் கரைத்த 3.06 கிராம் அமோனியம் காபனேற்றை நிமிடத்துக்கு 3 மில்லிலீற்றராக அதில் விடுங்கள். இரண்டு மணித்தியாலம் அதே வெப்பத்தில் வைத்து, ஆறவிட்டு, வடித்து, மூன்று முறை கழுவி, 110 பாகையில் உலர்த்தி, 500 பாகையில் மூன்று மணித்தியாலம் சுட்டால் ஏறக்குறைய 1.8 கிராம் ஊக்கி. கையிலிருக்கும் சோடியம் காபனேற்றைப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். தங்கும் சோடியம் செயலைக் குலைக்கும். இதற்குச் செம்பைப்போலப் பயந்து பயந்து தாழ்த்தும் வேலையில்லை. குறை ஒன்றுண்டு: 300 பாகைக்கு மேல்தான் உருப்படியாக வேலை செய்யும், அங்கே சமநிலை நமக்குச் சாதகமில்லை. 230 பாகையில் செப்புக் குளிகை தருவதை அது தராது.

கடைசியாக, கையாளுதல். தாழ்த்திய செப்பு ஊக்கியைத் திடீரென்று காற்றில் கொட்டினால் கனன்று எரியும். உலை அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகு, நைதரசனோடு ஒரு வீத ஒட்சிசன் மட்டும் கலந்து பல மணித்தியாலம் விட்டு, வெப்பவிணை அசையாமல் நின்றால்தான் திறக்கலாம். வடித்த மெதனோலை எக்காரணம் கொண்டும் சாராயப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். நிறமும் மணமும் ஏமாற்றும். 10 மில்லிலீற்றர் கண்ணைப் பறிக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடினால் உயிரைப் பறிக்கும். கசிப்புப் புழங்கும் ஊர்களில் ஆய்வகக் குப்பையில் கிடக்கும் ஒரு போத்தல் போதும். தமிழிலும் சிங்களத்திலும் நஞ்சு என்று எழுதி, பூட்டிய அலுமாரியில் வையுங்கள். பாவித்து முடிந்த ஊக்கியைக் குளத்து ஓரத்திலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். செம்பு மீனுக்கு நஞ்சு. செயலடக்கிய தூளை மூடியுள்ள உருக்குத் தகரத்தில், தொகுதி இலக்கமும் ஓடிய மணித்தியாலமும் எழுதிச் சேர்த்து வைத்தால், செம்புக்காகவே வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.